வெறுங்கை நாள்

பாஞ்சாலை உட்கார்ந்து பார்த்தவர்கள் கடுக்காமரத்தூரில் யாருமில்லை. களி தின்பதுகூட நின்றுகொண்டுதான். ஒரு கையில் களி உருண்டை இருக்கும், மறு கையில் மாட்டுக் கயிறு இருக்கும், மென்றுகொண்டிருக்கும்போதே வாய் மகளுக்கு வேலை ஏவும். "அவ தூங்கறதும் நின்னுக்கினேதான்டி" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஜவ்வாது மலையில் உழைக்காத பெண் யார் இருக்கிறாள்? எல்லாரும்தான் உழைத்தார்கள். ஆனால் பாஞ்சாலை உழைப்பதைப் பார்த்தால் பார்த்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. அவளும் புருசன் மாதையனும் பங்கு போட்டுத்தான் வேலை செய்தார்கள். போன மாசியில் புளி உலுக்க மரமேறியவன் கிளை முறிந்து விழுந்தான். தொடை எலும்பு போய்விட்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள், நாளானதும் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தடியூன்றி நடந்து பழகச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த மாதையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். வேலியோரம் போய்வர எழுந்திருப்பதோடு சரி.

பாஞ்சாலை ஒரு நாளும் அவனைக் கடிந்து பேசவில்லை. "நீ படு மாமா, நான் பாத்துக்கறேன்" என்பாள். மாட்டுக்குத் தண்ணி வைக்க அவன் எழப் போனால்கூட, "உனுக்கு இன்னாத்துக்கு அந்த வேல" என்று வாளியைப் பிடுங்கிக்கொள்வாள். அன்பாகத்தான் செய்தாள். வீட்டில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் பாஞ்சாலையைக் கேட்டார்கள், மாதையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனைப் படுத்தியது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றுவதற்கு ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

மலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதி நாள் ஜல்லி சுமக்கப் போனாள். மீதி நாளில் கடுக்காய் பொறுக்கி ஒடுகத்தூர்ச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனாள். ஏர் பிடிக்க மட்டும் நாத்தனார் செல்லியின் புருசன் வந்தான். சாமை விதைத்தது, களை பறித்தது, கிளி விரட்டியது, அறுத்தது எல்லாம் அவள்தான். யாரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் குறைந்துபோவோம் என்றொரு பிடிவாதம். ஒற்றை ஆளாக அறுத்தால் பிந்தத்தானே செய்யும்? ஊரில் எல்லாரும் சாமையை அடித்துத் தூற்றி வீட்டுக் குதிரில் சேர்த்துவிட்டார்கள். பாஞ்சாலையின் சாமை மட்டும் கட்டுக் கட்டாகக் களத்தில் கிடந்தது. கிழக்கே போளூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு அவள் வாசலுக்கு வந்து நின்றார்.

"பாஞ்சால, நாளைக்கு வெறுங்கை நாளு. மொற உங்க வூட்டுது. நாவகம் கீதா?"

பாஞ்சாலை மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வெறுங்கை நாள் என்பது அந்த ஊர் வழக்கம். ஐப்பசி அமாவாசை கழிந்த முதல் சனிக்கிழமை, முறைக்கு ஒரு வீடாக, அந்த வீட்டிலிருந்து ஒரு பெரிய ஆள் பாறைமேட்டு வேடியப்பன் கோயிலுக்குப் போய்ப் பொழுது கிளம்பியதிலிருந்து பொழுது இறங்கும்வரை உட்கார வேண்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, கை ஒரு வேலையும் செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சாமியிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. வருசம் முழுக்க ஊரே போய் மழை கேட்கிறது, பிள்ளை கேட்கிறது, காய்ச்சல் போகக் கேட்கிறது. ஒரு நாளாவது ஒன்றும் கேட்காமல் துணைக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்தது. அப்படி ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் ஊரில் புதுச்சாமைச் சோறு பொங்குவார்கள்.

"இன்னா கவுண்டரே இப்பிடி சொல்றீங்க? அறுத்துப் போட்டது அப்பிடியே களத்துல கீது. மானத்த பாருங்க."

"பாத்துக்கினுதாம்மா வந்தேன்."

"ரெண்டு நாளு தள்ளி வெச்சிக்கக் கூடாதா?"

"நான் வெச்ச நாளா இது, தள்ளறதுக்கு? ஊரே புதுச்சாமைய வாயில வெக்காம காத்துக்கினு கீது. பசங்க எல்லாம் எப்போ எப்போன்னு உசுர வாங்குதுங்க."

"அப்போ மொறைய அடுத்த வூட்டுக்கு வுட்டுடுங்க. எனுக்கு இப்போ ஒக்காறதுக்கு நேரமில்ல. சாமிகிட்டயே சொல்லிக்கறேன், அவருக்கும் தெரியாதா என் பேஜாரு?"

கவுண்டர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மாதையனின் குரல் வந்தது. "வுடக் கூடாது. நம்ம வூட்டு மொற தவறனதே இல்ல."

பாஞ்சாலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவன் திறந்து சொன்னது இதுவா?

"சொல்றதுக்கு இன்னா, படுத்துக்கினு சொல்லலாம். நான் போயி ஒக்காந்தா களத்துல மாடு யாரு ஓட்டறது? நீயா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சாணிக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பாய் சரசரத்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். கவுண்டர் தலையைக் குனிந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"காலைல வர்றேங்க" என்றாள் பாஞ்சாலை, மெதுவாக. அவனுக்குத் தரக்கூடியது அந்த நேரத்தில் அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

கருக்கலில் எழுந்தவள் கோயிலுக்குப் போகிற ஆள் மாதிரியா போனாள்? ஊரை விட்டுப் போகிறவள் மாதிரி பெரிய மகளிடமும் நாத்தனாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சுந்தரா, சின்னதுங்களுக்கு கேவுரு களி போட்டு, கொள்ளு சாறு கீது, ஊத்திக் குடு. ஆட்ட தூரமா வுடாத. செல்லி, தூறல் வுழுந்தா வக்கோல எடுத்து சாமை மேல போடு. நீங்க மாடு பூட்டாதீங்க, அந்த செவல உங்க பேச்சு கேக்காது. நான் வந்து நாளைக்கு அடிச்சிக்கறேன்."

"போ அண்ணி, பொழுது கெளம்புது" என்று செல்லி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

பாறைமேட்டில் கோயில் என்று கட்டடம் எதுவும் கிடையாது. பெரிய நாவல் மரம், அதன் அடியில் குத்துக்கல்லாக வேடியப்பன். சுற்றிலும் எல்லைக்கல் நட்டிருக்கும். எல்லையில் கவுண்டர் சொம்பும் தண்ணீருமாக நின்றிருந்தார்.

"இடுப்புல இன்னா?"

பாஞ்சாலை கதிர் அரிவாளை உருவிக் கொடுத்தாள். அது இடுப்பில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"முந்தானைல இன்னாம்மா உப்பிக்கினு கீது?"

"அவரக்கா. வர்ற வயில பறிச்சேன். சொம்மா ஒக்காந்துக்கினே உரிச்சிடலாம்னு..."

கவுண்டர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு அவரைக்காயை வாங்கித் தன் துண்டில் கொட்டிக்கொண்டார். "கைய நீட்டு." இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீர் ஊற்றினார். "வெறுங்கையா போ. வெறுங்கையா இரு. ஒண்ணும் கேக்காத. உங்க வூட்டு ஆளு வந்து கூப்புடற வரைக்கும் எல்ல தாண்டாத." மீதித் தண்ணீரோடு சொம்பை அவள் குடிக்க உள்ளே வைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனார். அவரைக்காய் போகிற திசையைப் பாஞ்சாலை பார்த்துக்கொண்டே நின்றாள்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். பாறை விளிம்புக்கு வந்து பார்த்தால் கீழே அவள் களம் தெரிந்தது. சாமைக் கட்டுகள் குவியலாகக் கிடந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. கிழக்கே மேகம் நேற்றைவிடக் கிட்டே வந்திருந்தது. ஊரில் புகை எழும்பியது. ரோட்டு வேலைக்குப் போகிறவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். நாமும் அவர்களோடு போயிருந்தால் ஒரு நாள் கூலி என்று நினைத்தாள். நினைத்ததும் கை பரபரத்தது.

சாமியைச் சுற்றிச் சருகு மண்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் எப்படிச் சும்மா இருப்பாள்? நாவல் கிளை ஒன்றை ஒடித்தாள். பெருக்க ஆரம்பித்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. சருகெல்லாம் ஓர் ஓரம் சேர்ந்தது. பிறகு கல்லிடுக்கில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். சாய்ந்து கிடந்த மண்குதிரைகளை நிமிர்த்தி வைத்தாள். குடிக்க வைத்த தண்ணீரில் பாதியை ஊற்றிச் சாமியின் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். வேர்வை வழிந்ததும்தான் அவளுக்கு மனம் ஒரு நிலைக்கு வந்தது. இந்த மாதிரி என்றால் ஒரு நாள் என்ன, ரெண்டு நாள்கூட இருக்கலாம்.

"அடியே பாஞ்சால! இன்னாடி பண்ற அங்க?"

எல்லைக்கல்லுக்கு வெளியே விறகுக் கட்டோடு பெரியம்மாள் நின்றிருந்தாள். போன வருசத்து முறை அவள் வீட்டினுடையது.

"சருகா கெடந்துதுக்கா. பெருக்கி வுட்டேன்."

"ஐயய்ய, கைல தொடப்பத்த புடிச்சிக்கினு நிக்கற. வெறுங்கை நாளுடி இன்னிக்கு!"

பாஞ்சாலை கையைப் பார்த்தாள். கிளை தானாகக் கீழே விழுந்தது.

"சாமி வேலதானேக்கா. அதுகூடவா தப்பு?"

"வேல வேலதான்டி. அங்க கூட்டனா இன்னா, இங்க கூட்டனா இன்னா? ஒருத்தங்க வூட்டுக்கு தொணைக்குன்னு போறோம். அவுங்க மூஞ்சகூட பாக்காம அவுங்க வூட்டு ஏனத்த எல்லாம் தேச்சி கவுத்துட்டு வந்துடுவியா?"

"தேய்ப்பேன்."

பெரியம்மாள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த விறகுக் கட்டு ஆடியது. "தேய்ப்ப, தேய்ப்ப. நீ செய்யக்கூடிய ஆளுதான். பாரு, கழுவி வுட்டதுல சாமியே குளுர்ல கீறாரு."

"கிண்டல் பண்ணாதக்கா. நீ மட்டும் போன வருசம் சொம்மாவா ஒக்காந்திருந்த?"

"நானா? மத்தியானம் வரைக்கும் தலைல பேனு பாத்து நசுக்கிக்கினு இருந்தேன். அப்பறம் அதுவும் தீந்துபோச்சி." பெரியம்மாள் ஒரு கையால் விறகைப் பிடித்துக்கொண்டு வேடியப்பனை எட்டிப் பார்த்தாள். "அதுக்கப்பறம்... எனுக்கு சொல்லத் தெர்லடி. நீயே பாத்துக்க."

"அக்கா, எங்க களத்து வயியாவா வந்த? செல்லி இன்னா பண்றா? மாமா துன்னாரா?"

"போடி. உன் களத்த பத்தி பேசறதுக்கா உன்ன மேல ஏத்தி வுட்டுது ஊரு?" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

காற்று ஒரு வீச்சு வீசியது. நாவல் மரம் உதறிக்கொண்டது. பாஞ்சாலை பெருக்கி வைத்த இடம் முழுக்க மறுபடியும் சருகு. குனியப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாருமில்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"சரி, ஒக்காந்துட்டேன்" என்று சாமியிடம் சொல்லிவிட்டு மரத்தடியில் சாய்ந்தாள்.

சொல்வது எளிது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், விரல்கள் முந்தானை நூலை முறுக்கின. தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள், கால் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு வேலையாக மனசில் வரிசைகட்டி வந்து நின்றது. பெரிய மகளுக்குப் பாவாடை கிழிந்துவிட்டது. கூரையில் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது. மாதையனுக்குத் தொடைக்கு எண்ணெய் தேய்த்து மூன்று நாளாயிற்று. நேற்றுச் சொன்ன சொல்லும் வந்து நின்றது. 'நீயா?' என்று கேட்டாளே, அந்தக் கேள்வி. மற்ற வேலைகளையெல்லாம் நாளைக்குச் செய்துவிடலாம். இதற்கு என்ன செய்வது?

தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தாள். அவ்வளவு நேரமும் கழுவித் தேய்த்தவள் அப்போதுதான் வேடியப்பனைப் பார்த்தாள்.

சாமிக்குப் பின்னால் மரக்கிளையில் ஆலம்விழுது போலத் தொங்கியதெல்லாம் துணி முடிச்சுகள். பிள்ளைக்காக ஒன்று, கன்றுக்காக ஒன்று, ஓடிப்போன புருசன் திரும்பி வர ஒன்று. வேல் குத்தியிருந்தார்கள், மணி கட்டியிருந்தார்கள், குதிரை வைத்திருந்தார்கள். அத்தனையும் கேட்டவர்கள் வைத்துவிட்டுப் போனது. வந்தவர்கள் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். பாஞ்சாலையின் முடிச்சும் அதில் இருந்தது. மாசியில் மாதையன் விழுந்த மறுநாள் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவள் கட்டிய மஞ்சள் முடிச்சு. வெயிலில் வெளுத்து மற்ற முடிச்சுகளோடு சேர்ந்து போயிருந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிவிட்டு அதே ஓட்டமாகத் திரும்பி ஓடியவள்தான் அவளும்.

விடிந்தால் தன் வீட்டு வாசலில் எழும்பும் குரல்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. யம்மா பசிக்குது. அண்ணி உப்பு தீந்துபோச்சி. பாஞ்சால, இன்னிக்கு ஜல்லிக்கு வர்றியா. ஒருத்தராவது நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதுண்டா?

"உனுக்கும் எம்மாதிரிதான் ரோதன போல கீது" என்றாள் சாமியைப் பார்த்து. "நீயும் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துக்கினு எல்லாருக்கும் பதில் சொல்லிக்கினு கீற. உன் கஷ்டத்த எவன் கேக்கறான்?"

பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் அறிந்த சாமி அவர். அவருக்குப் பயந்திருக்கிறாள், பொங்கல் வைத்திருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பார்த்தால் பழகிய ஆள் மாதிரி இருந்தார். அவர் பார்க்கிற பக்கம் அவளும் பார்த்தாள். எதிர்ச்சரிவில் கூந்தல் பனை ஒன்று பூத்துத் தொங்கியது. எறும்பு ஒரு சாமை உமியைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் போனது. வெயில் இலைக்கு நடுவில் விழுந்து நகர்ந்தது. மடியில் கிடந்த கைகள் எப்போது அசையாமல் போயின என்று அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்துத் திறந்து கிடந்தன.

அப்படியே தூங்கிப்போனாள். பகலில், உட்கார்ந்து, பாஞ்சாலை! பெரியம்மாள் பார்த்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

குளிர் காற்று முகத்தில் அடித்தபோது கண் விழித்தாள். முதலில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. எழுந்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. மறு நொடியே வானத்தைப் பார்த்தாள். மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது.

பாறை விளிம்புக்கு ஓடினாள்.

களத்தில் மாடு சுற்றிக்கொண்டிருந்தது. செவலையும் மயிலையும் பிணையல் கட்டிச் சாமைத் தாளின்மேல் வட்டம் போட்டு மிதித்துக்கொண்டிருந்தன. சுந்தரா கட்டைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். செல்லி முறத்தில் தூற்றினாள். இன்னும் நாலைந்து பேர் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார்கள். அதில் ஒருத்தி பெரியம்மாள்தான், விறகைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். களத்து நடுவில் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். அது யார் என்று அவளுக்குப் புரியவில்லை. செல்லியின் புருசன் ரோட்டு வேலைக்குப் போயிருப்பான். பக்கத்துக் களத்துத் தேவராஜாக இருக்குமோ?

காற்று மேல்நோக்கித் திரும்பியபோது குரல் வந்தது.

"பொலியோ... பொலி! ஏய் செவல, இஸ்துக்கினு போவாத, சுத்து சுத்து... பொலியோ பொலி!"

பாஞ்சாலை பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது மாதையன். மாசிக்குப் பிறகு அந்தக் களத்துக் குரலை அவள் கேட்டதேயில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் குரலைக் கேட்பதற்காகவே வேலை இல்லாவிட்டாலும் களத்துக்குப் போயிருக்கிறாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

முதல் துளி பாறையில் பொட்டென்று விழுந்தது. கீழே இன்னும் பாதிக்குமேல் கட்டுகள் கிடந்தன.

எழுந்துவிட்டாள். எல்லைக்கல்வரை போய்விட்டாள். ஓடினால் மழை பிடிப்பதற்குள் களத்துக்குப் போய்விடலாம். அவள் இரண்டு கை நான்கு கைக்குச் சமம், அது ஊருக்கே தெரியும். ஒரு வருசத்துச் சோறு அங்கே கிடக்கிறது. ஒரு காலைத் தூக்கினாள். அந்த நேரம் கீழே மாதையன் எழுந்து நின்று, தடியை நீட்டி, யாரிடமோ எதையோ மூடச் சொல்லிக் கத்துவது தெரிந்தது. அவர்கள் ஓடி ஓடி அவன் சொன்னதைச் செய்தார்கள். அவன் கேட்கிறான், அவர்கள் செய்கிறார்கள். தான் போய் நின்றால் அவன் கையிலிருக்கும் கயிற்றைத் தன் கை தானாக வாங்கிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது. 'நீ படு மாமா' என்று வாய் தானாகச் சொல்லும்.

தூக்கிய காலை உள்ளேயே வைத்தாள்.

மழை இரைந்துகொண்டு வந்தது. பாஞ்சாலை சாமி பக்கம் திரும்பினாள். "வேடியப்பா!" என்று வாய் கூப்பிட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்து ஒன்று கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். கொஞ்சம் பொறு, களம் தீரட்டும், அப்புறம் கொட்டு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

கேட்கவில்லை. பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள்.

கூப்பிட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் எதுவோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. மழை அவரையும் நனைத்தது, அவளையும் நனைத்தது. அவள் கழுவி வைத்த கல்லின்மேல் சருகு ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலை மறுபடி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இன்னொரு தரம், இந்த முறை மெதுவாக, "வேடியப்பா" என்றாள். பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல் அது. சாமை நனையட்டும், நனையாமல் போகட்டும். தன்னை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்கு அந்த ஈரத்தில் உறுதியாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் மலையைத் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். மலை அதன் இடத்தில்தான் இருந்தது.

மழை தூறலாகக் குறைந்தது. மேகமூட்டத்தில் பொழுது இறங்கியதா இல்லையா என்றே தெரியவில்லை. சுந்தரா வந்து கூப்பிடுவாள் என்று இருந்தாள். வந்தது தடி தட்டுகிற சத்தம். நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, பாறை வழியாக ஏறி வந்தது.

எல்லைக்கல்லுக்கு அப்பால் மாதையன் நின்றான். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தான். வேட்டி முழுக்கச் சேறு, முட்டியில் சிராய்ப்பு. எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறான்.

"பொழுது எறங்கிடுச்சி. வா" என்றான்.

"நீயா வந்த?"

நேற்று அவனைச் சுட்ட அதே சொல். இன்று அது வேறு மாதிரி வந்தது, அவனுக்கும் அது தெரிந்தது.

"நாந்தான்." தடியை மாற்றிப் பிடித்தான். "பாதிக்கு கொஞ்சம் மேலயே அடிச்சி அள்ளிட்டோம். மிச்சம் நனஞ்சிபோச்சி. பெரியம்மாக்கா, தேவராஜு, எல்லாரையும் நாந்தான் போயி கூப்ட்டேன். நீ கூப்ட மாட்ட, எனுக்கு தெரியும். கூப்ட்டா வர்றாங்க பாஞ்சால." திட்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். "நனஞ்சத இன்னிக்கே பிரிச்சி அடுப்பு பக்கமா பரத்தணும். இல்லன்னா மொளச்சிடும். வூட்ல வேல மல மாதிரி கெடக்குது. எய்ந்து வா."

"கெடக்கட்டும் மாமா" என்றாள் பாஞ்சாலை.

மாதையன் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றான்.

"கொஞ்ச நேரம் வந்து ஒக்காரு."

"மொற முடிஞ்சிபோச்சேம்மே. இன்னும் இன்னாத்துக்கு ஒக்கார்ற? எதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணும் கேக்கல. சொம்மாதான். வா."

அவன் அவளைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தடியைப் பார்த்தான். எல்லைக்குள் கையில் எதுவும் இருக்கக் கூடாது. தடியை எல்லைக்கல்லில் சாய்த்து வைத்தான். பாஞ்சாலையின் உடம்பு எழுந்து அவனைப் பிடிக்கத் துடித்தது. எழவில்லை. அவன் ஒரு காலை ஊன்றி, குட்டைக் காலை இழுத்து, ஈரப் பாறைமேல் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்று பேரும் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே சுந்தரா, "யம்மா... நைனா..." என்று கூப்பிடுவது கேட்டது. பாஞ்சாலை உடனே எழுந்துகொள்ளவில்லை.